மச்சுப் பலகை மக்கிவிட்டதா? நீங்களே மாற்றலாம்... ஆனால், முதலில் சுவர் ஓரத்தைப் பாருங்கள்!

விருதுநகர் பக்கத்துப் பழைய வியாபாரி வீடுகளில் ஓர் எச்சரிக்கை தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வரும். "ஏய்யா, மச்சுக்கு ஏறுனா சொவர ஒட்டியே நட. நடுவுல மிதிச்சிராத." சொல்பவர் ஆச்சி. கேட்பது லீவுக்கு வந்த பேரப் பிள்ளை. சொல்லிவிட்டு ஆச்சி கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்துவிடுவார். பிள்ளையும் சுவரில் கை வைத்தபடியே நடந்து போய், மூலையில் கிடக்கும் பழைய டிரங்குப் பெட்டியைக் குடைந்துவிட்டு இறங்கிவிடும்.

ஆச்சியின் பயம் நியாயமானதுதான். ஆனால், அவர் சொல்லும் வழி பாதிதான் சரி. மச்சுத் தளத்தில் பலகை வளைவது நடுவில். மரம் மக்குவதோ பெரும்பாலும் சுவர் ஓரத்தில். உத்திரத்தின் முனை சுவருக்குள் புதைந்திருக்கும் அந்த ஒரு சாண் இடத்தில்தான் ஈரம் ஒளிந்திருக்கும். பத்திரம் என்று நம்பி நடக்கும் இடமே சில வீடுகளில் பலவீனமான இடம்.

வெளிநாட்டுப் படங்களில் வீட்டுக்குப் பின்னால் மரப்பலகை அடித்த மேடை ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். 'டெக்' என்பார்கள். மழையிலும் வெயிலிலும் கிடந்து அது மக்கிப்போவதும், விடுமுறை நாளில் வீட்டுக்காரரே சுத்தியலோடு உட்கார்ந்து சரிசெய்வதும் அங்கே சகஜம். நம் ஊரில் டெக் கிடையாது. குற்றாலம், ஏற்காடு பக்கம் ரிசார்ட்டுகளில் இருக்கும், அவ்வளவுதான். அதே வேலையை வீட்டுக்குள் செய்வது மச்சுத் தளம். கீழே கடையோ கூடமோ இருக்கும். மேலே உத்திரங்களுக்குக் குறுக்கே சட்டங்கள், சட்டங்களின் மேல் பலகைகள். ஒரு காலத்தில் வத்தல் மூட்டை, மல்லி மூட்டை, பருத்தி என்று சுமை தாங்கிய தளம் இன்று பழைய சாமான், உடைந்த ஃபேன், பண்டிகைக்கு மட்டும் எடுக்கும் அண்டா குண்டா ஆகியவற்றைத் தாங்குகிறது. மூட்டை இறங்கியபோது மேலே ஆள் நடமாட்டமும் நின்றுபோனது. யாரும் மிதிக்காத பலகையில் என்ன நடக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. ஆபத்து அங்கேதான் ஆரம்பிக்கிறது.

மழையே இல்லாத ஊரில் மரம் எப்படி மக்கும்?

விருதுநகர் வறண்ட மாவட்டம். ஆண்டுச் சராசரி மழை சுமார் 800 மில்லிமீட்டர். சிவகாசியில் பட்டாசும் தீப்பெட்டியும் வேர்பிடித்ததற்கு அந்த வறட்சியும் ஒரு காரணம். மருந்தும் குச்சியும் வெயிலில் சட்டென்று காயும். இப்படிப்பட்ட ஊரில் மரம் ஈரத்தால் கெடும் என்றால் நம்பக் கஷ்டமாகத்தான் இருக்கும்.

விஷயம் எவ்வளவு மழை பெய்கிறது என்பதில் இல்லை. பெய்த தண்ணீர் எங்கே தங்குகிறது என்பதில்தான் இருக்கிறது. எட்டு மாத வெயிலில் சுண்ணாம்புத் தளம் விரிசல் விடும். ஓடுகள் நகரும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை விழும்போது அந்த விரிசல் வழியே நீர் இறங்கி, உத்திர முனையைச் சுற்றியுள்ள சுவரில் ஊறும். பலகையின் மேல் விழுந்த நீர் ஒரே நாளில் காய்ந்துவிடும். சுவருக்குள் இருக்கும் முனைக்குக் காற்றே கிடையாது. அது தை மாதம் வரைகூடக் காயாது.

மரத்தை மக்கவைப்பது பூஞ்சை. மரத்தின் ஈரப்பதம் சுமார் 20 சதவிகிதத்துக்குக் கீழே இருக்கும்வரை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. அதைத் தாண்டி 30 சதவிகிதத்தை நெருங்கி, அப்படியே பல வாரங்கள் நின்றால் மரத்தின் நார்களை அது தின்ன ஆரம்பிக்கும். ஈரத்தை நிறுத்தினால் பூஞ்சை நின்றுவிடும். மருந்து, பெயின்ட், புதுப் பலகை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

மரம் பொதுவாகவே அற்பாயுசு என்று நினைக்க வேண்டாம். ஜப்பானின் ஹோர்யூஜி கோயிலில் 1,300 ஆண்டுகளுக்கு முந்தைய மரக் கட்டடங்கள் நிற்கின்றன. தக்கலைக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனை நிற்கிறது. இரண்டுமே விருதுநகரைவிட அதிக மழை பார்க்கும் இடங்கள். நம் ஊரிலேயே பாருங்கள், ஆடிப்பூரத்துக்கு ஓடும் ஸ்ரீவில்லிபுத்தூர் தேர் முதல் சின்னச் சின்ன ஊர்த் தேர்கள் வரை, மரத்தேரைத் திருவிழா முடிந்ததும் மூடிப் பாதுகாப்பதில்தான் அதன் ஆயுள் இருக்கிறது. தலைக்கு மேல் கூரை, காலுக்குக் கீழ் காற்று. இந்த இரண்டும் போதும்.

இப்போது புதிதாகச் சேர்ந்த ஈரங்களும் உண்டு. மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் ஒழுகும் இணைப்பு, ஏ.சி. தண்ணீர்க் குழாயை எங்கோ சுவர் இடுக்கில் விட்டது, சுவர் ஓரம் வரிசையாக வைத்த பூந்தொட்டிகள். அறுபது ஆண்டுகள் நன்றாக இருந்த உத்திரம் ஏ.சி. மாட்டிய இரண்டே வருடத்தில் கெடலாம்.

மக்கலா, உளுத்தலா, கரையானா?

தமிழில் மரம் கெடுவதற்கே நாலைந்து சொற்கள் உண்டு. எல்லாம் ஒன்றல்ல. எது நடந்திருக்கிறது என்று பிரித்துப் பார்க்காமல் கடைக்குப் போனால் தப்பான மருந்தோடு திரும்பி வருவீர்கள்.

ஈரத்தில் ஊறிப் பூஞ்சை பிடித்தால் அது மக்கல். மரம் நிறம் மாறும். குறுக்கும் நெடுக்குமாக வெடித்து, சின்னச் சின்னக் கட்டங்களாகப் பெயரும். நகத்தால் கிள்ளினாலே வரும். உளுத்துப்போவது வேறு. மேல்பக்கம் குண்டூசித் தலை அளவு துளைகள் இருக்கும், கீழே மாவு சலித்ததுபோல் தூள் கொட்டிக் கிடக்கும். அது வண்டின் வேலை. தூளைத் துடைத்துவிட்டு ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். மறுபடி புதுத் தூள் விழுந்திருந்தால் வண்டு உள்ளேதான் இருக்கிறது. விழவில்லை என்றால் அது பழைய கதை, பயப்பட ஒன்றுமில்லை. செல்லரிப்பது கரையான். சுவரில் மண் கோடு ஏறும், மரத்தின் மேல்தோல் அப்படியே இருக்க உள்ளே வெறும் கூடு. தட்டினால் காலிப் பெட்டி சத்தம் கேட்கும். கடைசியாக, ஆணி துருப்பிடித்து அதைச் சுற்றி மட்டும் மரம் கருத்து இற்றுப்போவது. பலகை நன்றாக இருக்கும், பிடிப்பு மட்டும் போயிருக்கும்.

பரிசோதனைக்குப் பெரிய கருவி வேண்டாம். ஒரு பழைய ஸ்க்ரூடிரைவர், ஒரு சுத்தியல், டார்ச் லைட் போதும். ஏறுவதற்கு முன் கீழே நின்று உத்திரங்களின் இரு முனைகளையும் பாருங்கள். சுவரில் ஈரத் தடம், உப்புப் பூத்த வெள்ளை, சுண்ணாம்பு உதிர்ந்த இடம் எதுவானாலும் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். ஏணி போட்டு ஏறி, சுவரிலிருந்து ஒரு சாண் தூரம்வரை ஸ்க்ரூடிரைவரால் அழுத்திக் குத்துங்கள். நல்ல தேக்கு கால் அங்குலம்கூட விடாது. வெண்ணெயில் கத்திபோல இறங்கினால் அந்த முனை போய்விட்டது. சுத்தியலால் தட்டும்போது 'ணங்' என்று வந்தால் நல்லது, 'பொத்' என்றால் சந்தேகம். மரத்தின் ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டரும் ஆன்லைனில் கிடைக்கிறது. இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் குறை ஒன்றுமில்லை.

பழைய பர்மா தேக்கு என்றால் பயமில்லை என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. ரங்கூனிலிருந்தும் மௌல்மீனிலிருந்தும் கப்பலில் வந்த அந்த மரத்துக்குப் பேர் சும்மா வரவில்லை. ஆனால், தேக்கிலும் வைரம் பாய்ந்த நடுப்பகுதிக்குத்தான் அந்தப் பலம். ஓரத்து வெளிறு எந்த மரத்திலும் வெளிறுதான். பூஞ்சைக்கும் வண்டுக்கும் அது ஒன்றே. சட்டத்தின் ஒரு விளிம்பு மட்டும் அரை அங்குலத்துக்கு உதிர்ந்து, உள்ளே இரும்புபோல் இருந்தால் அது வெளிறு போனது. சுரண்டி எடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். பாதிப் பேர் இதைப் பார்த்துத்தான் பதறி வீட்டையே இடிக்கக் கிளம்புகிறார்கள்.

எதுவரை நாமே செய்யலாம்?

பலகை மாற்றுவது நம் வேலை. ஒரு சட்டம் லேசாகப் போயிருந்தால் பக்கத்தில் துணைச் சட்டம் சேர்ப்பதும் கை பழகியவர்களால் முடியும். உத்திரத்தின் முனை போயிருந்தால் அது தச்சரும் கொத்தனாரும் சேர்ந்து செய்ய வேண்டியது. உத்திரத்தின் பருமனில் கால்பங்குக்கு மேல் மக்கியிருந்தால் கட்டடப் பொறியாளர் ஒருவர் வந்து பார்க்கட்டும். மேலே செங்கலைச் சாய்வாக நிறுத்திச் சுண்ணாம்பில் கட்டிய பழைய மெட்ராஸ் டெரஸ் தளமாக இருந்தால், அடியில் உள்ள எந்தக் கட்டையையும் நீங்களாகத் தொடவே கூடாது. ஒரு கட்டையை உருவினால் அதன் மேல் உட்கார்ந்திருக்கும் செங்கல் வரிசை முழுவதும் இறங்கும்.

அனுபவமுள்ள தச்சரைக் கூப்பிட்டால் முதலில் பலகையைப் பார்க்க மாட்டார். "அண்ணாச்சி, மேல பலகைய மாத்துனா பத்தாது. அடியில சட்டத்தப் பாத்தீகளா?" என்றுதான் கேட்பார். அவர் கூலிக்காகச் சொல்கிறார் என்று வீட்டுக்காரருக்குத் தோன்றும். இல்லை. மக்கிய சட்டத்தின் மேல் புதுப் பலகை அடித்தால், முன்பு வளைந்து எச்சரித்த இடம் இப்போது எச்சரிக்காமல் உடையும்.

சுமைக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். 25 கிலோ அரிசி மூட்டை இருபது என்றால் அரை டன். ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் ஒரு டன், தொட்டியின் எடை தனி. கொள்ளுத் தாத்தா காலத்தில் தாங்கியது என்பது இன்று தாங்கும் என்பதற்கு அத்தாட்சி ஆகாது. அன்று மரம் முழுசாக இருந்தது. தளம் சரியாகும்வரை மச்சைக் காலி செய்யுங்கள். அப்போதுதான் அங்கே என்னென்ன இருந்தது என்பதும் தெரியும். அதில் பாதியைத் திரும்ப ஏற்ற மாட்டீர்கள்!

எப்போது ஆரம்பிப்பது?

மாசி, பங்குனி. விருதுநகர் பராசக்தி மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு எப்படியும் வீட்டுக்கு வெள்ளையடிப்பார்கள். அதற்கு முன்னால் மரவேலையை முடித்துவிடுவது உத்தமம். மரம் அப்போதுதான் நன்றாகக் காய்ந்திருக்கும், எங்கெல்லாம் இடைவெளி விட்டிருக்கிறது என்பதும் முழுசாகத் தெரியும். மழைக்காலத்தில் செய்தால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும். மழையில் கண்டுபிடித்த ஓட்டையை மழையிலேயே அடைக்க வேண்டியது கூரையில் மட்டும்தான். ஒழுகலை நிறுத்திவிட்டு, மரத்தைக் காயவிட்டு, பொறுமையாக இருங்கள்.

வேலையைத் தொடங்கும் நாளில், மாற்றப்போகும் இடத்துக்கு நேர் கீழே முட்டுக் கொடுக்க வேண்டும். சென்ட்ரிங் சாமான் வாடகைக்கு விடும் கடைகளில் திருகு ஜாக்கி கிடைக்கும். தரையிலும் உத்திரத்திலும் கனமான பலகைத் துண்டு வைத்து, அதற்கிடையில் ஜாக்கியை நிறுத்தி, இறுக்கமாக உட்காரும்வரை மட்டும் திருகுங்கள். தொய்ந்த உத்திரத்தை நிமிர்த்துகிறேன் என்று மேலும் திருகினால் மேல்சுவர் விரிசல் விடும். பல வருடமாகத் தொய்ந்தது ஒரு மதியத்தில் நிமிராது. முட்டு நிற்கும் அறைக்குள் பிள்ளைகள் வரக் கூடாது. இதைச் சொல்லிவிட்டால் மட்டும் போதாது, கதவைப் பூட்டிவிடுங்கள்.

பலகையைக் கழற்றும்போது கடப்பாரையால் நெம்பாதீர்கள். பழைய ஆணி உள்ளே துருவேறி மரத்தோடு ஒன்றாகியிருக்கும். நெம்பினால் நல்ல பலகையும் பிளக்கும், அடியில் சட்டமும் சிராய்க்கும். ஆணித் தலையைச் சுற்றி உளியால் கொஞ்சம் பறித்து, ஆணி பிடுங்கியால் ஒவ்வொன்றாக எடுங்கள். வராத ஆணியை ஹாக்சா பிளேடால் பலகைக்கும் சட்டத்துக்கும் நடுவில் விட்டு அறுத்துவிடலாம். எடுத்த பலகைகளில் சாக்பீஸால் எண் போடுங்கள். எட்டு அடிப் பலகையில் ஒரு முனை மட்டும் போயிருந்தால், போன பகுதியை அறுத்துவிட்டு மீதியைக் குறுகலான இடத்தில் பயன்படுத்தலாம். ஆனால், கண்ணுக்குத் தெரியும் மக்கல் முடிகிற இடத்தில் அறுக்கக் கூடாது. அதைத் தாண்டி ஒரு அடியாவது நல்ல மரத்துக்குள் போய், அங்கே சட்டத்தின் நடுவில் வரும்படி அறுங்கள். பூஞ்சை கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே முன்னேறியிருக்கும்.

பலகை எடுத்த பிறகு சட்டங்கள் வெளியே தெரியும். மறுபடி ஸ்க்ரூடிரைவர் பரிசோதனை. சட்டத்தின் மேல்பக்கம் ஆணி வரிசையில் மட்டும் கெட்டிருந்தால் அதைச் சுரண்டிவிட்டு, அதே உயரத்தில் புதுச் சட்டம் ஒன்றைப் பக்கத்தில் ஒட்டிவைத்து இரண்டையும் போல்ட் போட்டு இறுக்கலாம். துணைச் சட்டமும் இரு முனையிலும் சுவர் மீதோ உத்திரத்தின் மீதோ உட்கார வேண்டும். நடுவில் மட்டும் ஒட்டிய துண்டுக்கட்டை பார்வைக்குத்தான் பலம்.

என்ன மரம் வாங்குவது?

சிவகாசிப் பக்கத்தில் ஒரு தவறு எளிதில் நடக்கும். பேக்கிங் பெட்டிப் பலகை மலிவாகக் கிடைப்பதால் அதையே எடுத்து ஓட்டையில் அடித்துவிடுவது. பெட்டிக்கு வரும் மரம் பெரும்பாலும் மென்மரம். பெட்டி செய்யச் சரி, ஆள் நடக்கச் சரியில்லை. கரையானுக்கும் அது அல்வா.

வேம்பு நம் மண்ணிலேயே வளர்வது, கசப்பால் பூச்சி அண்டாது. நன்றாகக் காய்ந்ததாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் முறுக்கிக்கொள்ளும். சட்டத்துக்குக் கோங்கு, வேங்கை கிடைத்தால் நல்லது. கரிசல் காட்டு வீடுகளுக்கு ஒரு காலத்தில் பனங்கைதான் கைமரம். வைரம் பாய்ந்த முற்றிய பனை, நனையாமல் இருந்தால் இரண்டு தலைமுறை பார்த்துவிடும். புதுப்பனை இப்போது சுலபமில்லை. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி கட்டாயம் என்று 2021 வேளாண் பட்ஜெட்டில் தமிழக அரசு அறிவித்தது. ஆகவே, பனங்கை வேண்டுமென்றால் இடித்த வீட்டுச் சாமான் கடைதான் வழி. தேக்குக்கும் அந்தக் கடைகளே உசிதம். காரைக்குடி வரை போகத் தயாரென்றால் பழைய மரம் தேர்ந்தெடுக்க நிறையவே இருக்கும். ஏற்கெனவே ஐம்பது, அறுபது வருடம் காய்ந்த மரம் இனிமேல் முறுக்காது. வாங்கும்போது துளையும் தூளும் இருக்கிறதா, உள்ளே முறிந்த ஆணி இருக்கிறதா என்று பாருங்கள். ஆணி ரம்பத்தைக் கெடுக்கும், தூள் உங்கள் வீட்டையே கெடுக்கும்.

கடையில் கன அடிக் கணக்கு சொல்வார்கள். மிரள வேண்டாம். எட்டு அடி நீளம், ஆறு அங்குல அகலம், ஒரு அங்குல கனம் உள்ள பலகை என்றால் மூன்று பலகை சேர்ந்து ஒரு கன அடி. அந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு போனால் பில்லைப் பார்த்துத் தலை சுற்றாது.

மருந்து... கவனம்!

புதுப் பலகையின் அடிப்பக்கமும் அறுத்த முனைகளும்தான் முக்கியம். மேல்பக்கத்தைப் பளபளப்பாக்கிவிட்டு அடிப்பக்கத்தை வெறுமனே விட்டுவிடுவது பரவலான பழக்கம். மரம் தண்ணீரை அதிகம் குடிப்பது அறுத்த முனை வழியாகத்தான். ஒரு கட்டு ஸ்ட்ரா மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குள் இருக்கும் மரத்துக்கு வெண்காரமும் போரிக் அமிலமும் கலந்த நீர் நல்ல காவல். கேரம் போர்டில் தூவும் பவுடர் இருக்கிறதே, அதே போரிக் அமிலம்தான். இரண்டையும் சம அளவில் சேர்த்து மொத்தம் 100 கிராமை ஒரு லிட்டர் வெந்நீரில் கரைத்து, ஆறியதும் காய்ந்த மரத்தில் இரண்டு மூன்று முறை பூசுங்கள். பூஞ்சைக்கும் வண்டுக்கும் கரையானுக்கும் அது ஆகாது. நேரடியாக மழை படும் மரத்தில் பயனில்லை, கரைந்து போய்விடும். கலக்கிய பாத்திரத்தைச் சமையலறைக்குத் திருப்பி அனுப்பக் கூடாது.

மழை படும் இடத்துக்குக் கன்னியாகுமரி கடற்கரையில் கட்டுமரங்களுக்குப் பூசும் முந்திரி ஓட்டு எண்ணெய் இருக்கிறது. கறுப்பாக, கெட்டியாக இருக்கும். முந்திரியும் சேராங்கொட்டையும் ஒரே குடும்பத்துத் தாவரங்கள். தோலில் பட்டால் கொப்புளம் நிச்சயம். கையுறை, முழுக்கைச் சட்டை இல்லாமல் டப்பாவைத் திறக்காதீர்கள். கர்ப்பிணிகளும் பிள்ளைகளும் இருக்கும் வீட்டில், கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் காட்டமான கரையான் மருந்துகளை நாமே அளந்து கலப்பதும் வேண்டாம். அமெரிக்காவில் வீட்டு டெக்குகளுக்குப் பல ஆண்டுகள் ஆர்சனிக் கலந்த மருந்து ஏற்றிய மரத்தைத்தான் பயன்படுத்தினார்கள். பிள்ளைகள் விளையாடும் இடமாயிற்றே என்ற கவலை வந்த பிறகு, வீட்டு உபயோகத்துக்கு அதைத் தயாரிப்பதை 2003-ம் ஆண்டோடு நிறுத்தினார்கள்.

மேல்பூச்சுக்குப் பலர் வாங்குவது ஆளிவிதை எண்ணெய். பெயின்ட் கடையில் 'டபுள் பாயில்டு' என்று கேட்டால் கொடுப்பார்கள். நல்ல பூச்சு. பழைய மரத்தில் ஊறி, தேன் நிறத்தில் மின்னும். ஆனால், பட்டாசு வட்டாரத்துக்காரர்கள் இந்த ஒரு வரியை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டுங்கள். இந்த எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் அது தானாகவே தீப்பிடிக்கும். தீக்குச்சி வேண்டாம், பொறி வேண்டாம். எண்ணெய் காற்றோடு சேர்ந்து காயும்போது சூடு பிறக்கிறது. சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறிக்கொண்டே போகிறது. உபயோகித்த துணிகளை வெளியே கொடியில் தனித்தனியாக விரித்துப் போடுங்கள், அல்லது தண்ணீர் வாளிக்குள் அமுக்கி வையுங்கள்.

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கத்து வீடுகளில் தீபாவளிக்கு முன்பு உறவுக்காரர்களுக்கு அனுப்பவேண்டிய கிஃப்ட் பாக்ஸ்கள் மச்சில் அடுக்கியிருக்கும். தின்னர், வார்னிஷ், மரத்தூள், எண்ணெய்த் துணி இவற்றில் எதுவும் அந்தப் பெட்டிகளோடு ஒரே கூரையின் கீழ் இருக்கக் கூடாது. டிரில் மெஷினும் ரம்ப மெஷினும் பொறி தெறிக்கும், அதிலும் பழைய ஆணி மாட்டினால் கேட்கவே வேண்டாம். வெடி முழுவதும் வீட்டைவிட்டுப் போன பிறகுதான் மச்சு வேலை. பங்குனியில் செய்யச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

பலகை அடிக்கும் நாள்

சட்டங்களுக்குப் பூசிய மருந்து காய்ந்ததும் பலகைகளைப் பரப்பி, அடிக்காமல் ஒருமுறை ஒத்திகை பாருங்கள். இரண்டு பலகைக்கு நடுவே மூன்று மில்லிமீட்டர் விடுங்கள். பழைய ஆணி ஒன்றை நடுவில் வைத்து அளவு பிடிப்பது தச்சர்கள் வழக்கம். பங்குனியில் இடைவெளியே இல்லாமல் நெருக்கி அடித்த தளம் கார்த்திகையில் உப்பி எழும். சுவருக்கும் கடைசிப் பலகைக்கும் நடுவே அரை அங்குலம் காலியாக இருக்கட்டும். அதைச் சிமென்ட் வைத்து அடைக்கவே கூடாது. சிமென்ட் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு மரத்துக்கு ஊட்டும். உத்திர முனையைச் சுற்றியும் இதே விதிதான். பழைய கொத்தனார்கள் முனையைச் சுற்றிக் காற்றுக்குச் சந்து விட்டிருந்தால், அது எலி வருகிறது என்று அடைக்கிற ஓட்டை அல்ல. கம்பி வலை அடியுங்கள், போதும்.

ஆணியைவிட ஸ்க்ரூ நல்லது. நாளைக்கு ஒரு பலகையை மட்டும் கழற்ற வேண்டுமென்றால் சுலபம். ஒரு அங்குலப் பலகைக்கு இரண்டரை அங்குல ஸ்க்ரூ, ஒவ்வொரு சட்டத்திலும் இரண்டு. ஜிப்சம் போர்டுக்கு அடிக்கும் கறுப்பு ஸ்க்ரூ மலிவாகக் கிடைக்கும், வேண்டாம். அது துருப்பிடிக்கும், பாரம் தாங்காமல் பட்டென்று முறியும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாங்குங்கள். பழைய தேக்கிலும் வேம்பிலும் முன்துளை போடாமல் ஸ்க்ரூ முடுக்கினால் பலகை முனை பிளக்கும். கடைசியில் உப்புத்தாள் தேய்ப்பு. மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள், பழைய மரத்தூள் இருமலைக் கொண்டுவரும்.

உடம்பை முறிக்கும் வேலைதான். இரண்டு பேருக்கு ஓர் அறை மச்சு என்றால் இரண்டு, மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆகலாம். நடுவில் ஒரு நாள் வெட்டியாகப் போகும். அன்று சரியான அளவு ஸ்க்ரூ கடையில் இருக்காது.

முட்டுகளை எல்லா ஸ்க்ரூவும் ஏறிய பிறகு, ஒவ்வொன்றாக, கால் திருகு கால் திருகாக இறக்குங்கள். கீழே ஒருவர் உத்திரத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கட்டும். 'கிறீச்' என்று ஒரு சத்தம் வரும், மரம் பாரத்தை வாங்கிக்கொள்ளும் சத்தம் அது. பொடிச் சுண்ணாம்பு உதிர்ந்தாலோ சுவரில் புது முடிவிரிசல் தெரிந்தாலோ அப்படியே நிறுத்தி, திரும்பத் திருகிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

பழைய மக்கிய பலகையை அடுப்பில் போடாதீர்கள். அதில் எந்தக் காலத்து பெயின்ட், எந்த மருந்து இருக்கிறதோ! அறுத்த நல்ல துண்டு ஒன்று மிஞ்சினால் ஆச்சிக்கு மணையாகும். அவருடைய பழைய எச்சரிக்கையைக் கொஞ்சம் மாற்றி அவரிடமே சொல்லிவைக்கலாம். ஐப்பசியில் முதல் பெருமழை பெய்த மறுநாள் காலை, காபி குடித்ததும், யாராவது ஒருவர் டார்ச்சும் ஸ்க்ரூடிரைவருமாக மச்சேறி, நான்கு சுவர் ஓரத்தையும் தொட்டுப் பார்த்துவிட்டு வர வேண்டும்.